சேய்மை விளி

நுழையும்முன்

கையளவுக் கருவி ஒன்றின் வழியே உலகின் எந்த மூலையிலிருந்தும் ஒரு குரல் நம் செவிக்கு வந்துவிடுகிறது. குரல் வந்து சேர்வது வேறு. சொல்லவந்த பொருள் சென்று சேர்வது வேறு. புதுச்சேரியின் கடலோரச் சிற்றூர் ஒன்றை வந்தடைந்த தொலைபேசி அழைப்பில் தொடங்கி, குரல்வழிப் பேச்சின் முறைமையைப் பற்றிய ஒரு கருத்தை முன்வைக்கிறது இக்கட்டுரை.

புதுச்சேரி நகருக்குத் தெற்கே, கடலை ஒட்டி அமைந்த மீனவர் ஊர் நல்லவாடு. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை 6.29 மணிக்குச் சுமத்திராத் தீவுக்கு அப்பால் கடலடியில் 9.1 அளவுடைய நிலநடுக்கம் ஏற்பட்டது. அதில் எழுந்த ஆழிப்பேரலை வங்கக் கடலைக் கடந்து சோழமண்டலக் கரையைத் தொடுவதற்கு இரண்டு மணி நேரத்திற்கும் மேலாயிற்று. எச்சரிக்கப் போதுமான நேரம்தான் அது. ஆனால், இந்தியப் பெருங்கடலில் அன்று எச்சரிக்கை அமைப்பு எதுவும் இல்லை.

நல்லவாட்டைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் அப்போது சிங்கப்பூரில் பணிபுரிந்துகொண்டிருந்தார். நிலநடுக்கச் செய்தியை அறிந்த அவர் தம் வீட்டுக்குத் தொலைபேசியில் அழைத்து நிலைமையைக் கேட்டார். கடல்நீர் உள்ளே வருவதாக மறுமுனை கூறிற்று. என்ன நிகழப்போகிறது என்பது அவருக்கு விளங்கிவிட்டது. வீட்டைவிட்டு உடனே வெளியேறுமாறும் ஊராரை எச்சரிக்குமாறும் சொன்னார். செய்தி கிடைத்த ஊரார் சிலர், எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் முயற்சியால் ஊரில் அமைந்திருந்த தகவல் மையத்தின் கதவை உடைத்து உள்ளே சென்று, அங்கிருந்த ஒலிபெருக்கியின் வழியே ஊர் முழுவதற்கும் அறிவித்தனர். அலை வந்தபோது ஏறத்தாழ 150 வீடுகளும் 200 படகுகளும் அழிந்தன. 3,000க்கும் மேற்பட்ட ஊர்மக்களோ உயிர்பிழைத்தனர்.

இவ்வுரையாடலை இலக்கண மாணவரின் கண்கொண்டு பாருங்கள். நன்னூலார் வினாவை ஆறாகவும் விடையை எட்டாகவும் வகுத்தார். அழைத்தவர் கேட்டது அறியா வினா. மறுமுனையில் இருந்தவர் உற்றதை உரைத்தார். அழைத்தவர் உறுவதைக் கூறினார், பின்பு ஏவினார். (உற்றது உரைத்தல், உறுவது கூறல் ஆகியவற்றை நன்னூல் ஆளும் பொருள் இதைவிடச் சற்றுக் குறுகியது என்பதை நீங்கள் படித்திருப்பீர்கள். ஆயினும், அப்பெயர்கள் இங்குப் பொருந்தும் அழகை விட்டுவிட மனம் வரவில்லை.) ஒரு வினா, ஒரு விடை, ஓர் அறிவிப்பு, ஓர் ஏவல். பயனற்ற சொல் ஒன்றிரண்டு இடையில் கலந்திருந்தாலும் அவை போக எஞ்சிய எலும்புக்கூடு இதுதான்.

மற்றொன்றும் கவனிக்கத்தக்கது. ஒருவர் ஒருவரோடு பேசுவதற்கு உரிய கருவி தொலைபேசி. ஒருவர் பலரோடு பேசுவதற்கு உரிய கருவி ஒலிபெருக்கி. முதலாவது கருவியில் வந்த செய்தியை இரண்டாவது கருவிக்கு மாற்றவேண்டும் என்று அந்த நெருக்கடியிலும் சிலருக்குத் தோன்றியது. அந்த ஒலிபெருக்கியும் ஊருக்குப் புதியதன்று. 1998 முதல் புதுச்சேரிச் சிற்றூர்களில் அந்நிறுவனம் நிறுவிவந்த தகவல் மையங்கள், மீனவர் ஊர்களில் கடலலையின் உயரம் போன்ற செய்திகளை ஒலிபெருக்கியில் அறிவிப்பதை வழக்கமாகக் கொண்டிருந்தன. அமைதியான நாள்களில் பயனுள்ளதை மட்டுமே சொல்லிப் பழகிய குரலுக்கு, ஆபத்து நாளில் ஊர் செவிசாய்த்தது என்றே நான் கருதுகிறேன். நாள்தோறும் நூறு வாழ்த்துப் படங்களையும் சரிபார்க்காத வதந்திகளையும் புலனக்குழுவில் அனுப்பிக்கொண்டிருக்கும் ஒருவர், ஒருநாள் உண்மையான எச்சரிக்கையை அனுப்பினால் அதனைத் திறந்து பார்ப்பவர் எத்தனை பேர்?

தொலைபேசியில் பணிவாகப் பேசுதல் என்றவுடன், தேனொழுகும் சொற்களைச் சேர்த்துக்கொள்வது என்று பலரும் எண்ணுகின்றனர். தெளிவு என்பது வேறு, பணிவு என்பது வேறு என்றும் எண்ணுகின்றனர். எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. கேட்பவரின் காலத்தையும் செவியையும் நிலையையும் மதிப்பதே குரல்வழிப் பேச்சில் பணிவு. அம்மதிப்பு இருந்தால் தெளிவு தானே வரும்.

குரலின் தொலைவு

தொல்காப்பியச் சொல்லதிகாரத்தில் விளிமரபு என்றோர் இயல் உண்டு. 'தம்பி' என்னும் பெயர் விளிக்கும்போது 'தம்பீ' ஆகும். அருகில் இருப்பவரை அழைக்கும்போது பெயர் இயல்பாக நிற்பதும் உண்டு. தொலைவில் இருப்பவரை அழைக்கும்போதோ பெயரின் ஓசை தன் அளவைக் கடந்து நீளும் என்கிறார் தொல்காப்பியர். வயலின் இக்கரையில் நின்று அக்கரையில் இருப்பவரை அழைக்கும் எவரும் இன்றும் இவ்விதியைத் தம்மை அறியாமலே பின்பற்றுகின்றனர்.

தொலைபேசி இவ்விதியைக் குழப்பிவிட்டது. பேசப்படுபவர் ஆயிரம் கல் தொலைவில் இருக்கிறார். அவருடைய காதோ நம் உதட்டுக்கு ஓரங்குல அண்மையில் இருக்கிறது. இது சேய்மை விளியா, அண்மை விளியா? அறிவு அண்மை என்கிறது; பழக்கம் சேய்மை என்கிறது. பதிவுசெய்து காத்திருந்து வெளியூருக்குப் பேசிய காலத்தில் கம்பியின் வழியே குரல் தேய்ந்து வந்தது. மூன்று நிமிடத்திற்குள் எல்லாவற்றையும் உரக்கக் கத்திச் சொல்லவேண்டியிருந்தது. 1980களின் பிற்பகுதியிலிருந்து ஊர்தோறும் முளைத்த மஞ்சள் பலகைத் தொலைபேசிக் கூண்டுகள் கண்ணாடிக் கதவு கொண்டிருந்ததன் காரணம் அதுவே. கதவு இருந்தும் சுல்தான்பேட்டையில் பேசுவது வில்லியனூர் வரை கேட்கும் என்று கேலி பேசுவதற்கு இடமிருந்தது.

கூண்டுகள் போய்விட்டன, கதவும் போய்விட்டது, கத்துதல் மட்டும் எஞ்சியிருக்கிறது. புதுச்சேரியிலிருந்து கடலூர் செல்லும் பேருந்தில் ஒரு மணி நேரம் அமர்ந்திருந்தால், முன்பின் அறியாத ஒருவருடைய நிலத்தகராறும் மற்றொருவருடைய மருத்துவ அறிக்கையும் நமக்கு மனப்பாடம் ஆகிவிடும். பேசுபவர் தம் செய்தியை வெளியிட்டுக்கொள்வது அவர் விருப்பம் என்று விடலாம். மறுமுனையில் இருப்பவரின் செய்தியும் அல்லவா வெளியாகிறது! ஒலிபெருக்கியை இயக்கிவிட்டுப் பேசும்போது இது இன்னும் கொடுமை. தாம் ஒருவரிடம் பேசுவதாக எண்ணிக்கொண்டு மறுமுனையில் இருப்பவர் ஒரு பேருந்துக்கே பேசிக்கொண்டிருக்கிறார்.

தொலைபேசியில் பேசுவதன் அந்தரங்கம், அரசமைப்பின் 21ஆம் கூறு தரும் வாழ்வுரிமையோடு பிணைந்தது என்று உச்சநீதிமன்றம் 1996இல் தீர்ப்பளித்தது. மக்கள் சிவில் உரிமைக் கழகம் தொடுத்த அவ்வழக்கு, அரசு தொலைபேசியை ஒட்டுக்கேட்பதைப் பற்றியது. அரசிடமிருந்து நாம் எதிர்பார்க்கும் அந்த மதிப்பை நண்பரிடமிருந்தும் எதிர்பார்ப்பதில் தவறில்லை. "ஒலிபெருக்கியில் போட்டிருக்கிறேன், அக்காவும் உடன் இருக்கிறார்" என்று ஒரே தொடரில் சொல்லிவிடலாம். சொல்லாமல் பதிவுசெய்து, அப்பதிவைப் பிறருக்கு அனுப்புவதை நான் ஒருபோதும் சிறு குறும்பாகக் கருதமாட்டேன்.

முதற்சொல்

1876 மார்ச் 10 அன்று அலெக்சாண்டர் கிரகாம் பெல் தொலைபேசியில் முதன்முதலாகப் பேசியது, அடுத்த அறையில் இருந்த உதவியாளரை வரச்சொல்லி ஏவியதே. வணக்கமும் இல்லை, நலம் உசாவலும் இல்லை. பின்னர்த் தொலைபேசியை எடுத்ததும் சொல்வதற்கு ஒரு சொல் வேண்டியிருந்தது. கப்பலோட்டிகள் விளிக்கும் 'அகோய்' என்பதைப் பெல் விரும்பினார். 1877இல் எடிசன் பரிந்துரைத்த 'அலோ' என்னும் ஆங்கிலச் சொல்லே வென்றது. பிரெஞ்சு மொழி அதனைத் தன் ஒலிக்கு ஏற்ப வளைத்து 'அல்லோ' ஆக்கிக்கொண்டது. பிரான்சோடு உறவுடைய புதுச்சேரிக் குடும்பங்களில் அந்த இரண்டாம் அசை இன்றும் அழுத்தமாக ஒலிப்பதைக் கேட்கலாம். நமக்கோ 'வணக்கம்' இருக்கிறது. அது இரண்டு முனைக்கும் பொது. நாளின் எல்லாப் பொழுதுக்கும் பொது.

வணக்கத்தை அடுத்து வருவதில்தான் நாம் பெரும்பாலும் இடறுகிறோம். அழைத்தவரே, "யார் பேசுவது?" என்று கேட்கிறார். ஒருவர் வீட்டுக் கதவைத் தட்டிவிட்டு, திறந்தவரைப் பார்த்து, "நீர் யார்?" என்று கேட்பதற்கும் இதற்கும் வேறுபாடு உண்டா? அழைத்தவர் தம் பெயரையும், எங்கிருந்து பேசுகிறார் என்பதையும், எதன்பொருட்டு என்பதையும் முதலில் சொல்லவேண்டும். "வணக்கம் ஐயா. நான் முத்தியால்பேட்டையிலிருந்து பேசுகிறேன். பதினொன்றாம் வகுப்பு மாணவி. கல்வி உதவித்தொகை விண்ணப்பம் பற்றி ஓர் ஐயம். இப்போது பேசலாமா?" இதனைச் சொல்ல பத்து நொடி போதும். கடைசியில் உள்ள அந்தச் சிறு வினாவை எவரும் கற்றுத்தருவதில்லை. நாம் அழைக்கும் வேளையில் மறுமுனையில் இருப்பவர் மருத்துவமனை வரிசையில் நிற்கலாம். அழும் குழந்தையைத் தூக்கிக்கொண்டிருக்கலாம். நேரில் சென்றால் கண்ணால் காண்பதைத் தொலைபேசியில் வாயால் கேட்டுத்தான் அறிய முடியும்.

உணவோ பொருளோ கொண்டுவரும் இளைஞர் அழைக்கும்போது அவர் பெரும்பாலும் வண்டியில் இருக்கிறார். "வண்டியை ஓரமாக நிறுத்திக்கொள்ளுங்கள் அண்ணா, வழி சொல்கிறேன்" என்று தொடங்குபவர், அவருடைய உயிரையும் தம் நேரத்தையும் ஒருங்கே காப்பாற்றுகிறார். முகம் தெரியாதவரை 'அண்ணா', 'அக்கா', 'ஐயா', 'அம்மா' என்று உறவாக்கி விளிக்கும் வசதி தமிழில் உண்டு. குரலை மட்டும் கேட்டு வயதைக் கணிக்க முடியாத இடத்தில் 'நீங்கள்' என்பதே காப்பு. சேவை மையத்தில் பணிபுரிபவர் நம்மை எத்தனை முறை 'சார்' என்று அழைத்தாலும், அவரை 'நீ' என்று அழைக்கும் உரிமை நமக்கு வந்துவிடாது.

புதுச்சேரி ஒன்றியப் பகுதிக்கு மற்றொரு தனித்தன்மை உண்டு. புதுச்சேரியும் காரைக்காலும் தமிழ் வழங்கும் பகுதிகள். மாகே கேரளக் கரையில் இருக்கிறது, அங்கு மலையாளம். ஏனாம் ஆந்திரத்தின் காக்கிநாடாவுக்கு அருகில் இருக்கிறது, அங்குத் தெலுங்கு. தொலைபேசிக் குறியீடும் நான்கு: புதுச்சேரிக்கு 0413, காரைக்காலுக்கு 04368, மாகேக்கு 0490, ஏனாமுக்கு 0884. புதுச்சேரியில் உள்ள அரசு அலுவலகத்தில் தொலைபேசி ஒலிக்கும்போது மறுமுனையில் எந்த மொழி காத்திருக்கிறது என்பது எடுப்பவருக்குத் தெரியாது. ஒரு மாகே முதியவர் தம் கோரிக்கையைச் சொல்லத் திணறும்போது, குரலை உயர்த்துவதால் மொழி விளங்கிவிடாது. மெதுவாக, சிறு தொடர்களாக, ஒரு செய்திக்கும் அடுத்த செய்திக்கும் இடையே நிறுத்திச் சொன்னால் விளங்கும். இல்லையெனில் அம்மொழி அறிந்த ஒருவரை அழைத்துத் தரவேண்டும். துய்ப்ளேக்சு ஆளுநராக இருந்த காலத்தில் துபாசியாகப் பணிபுரிந்து, 1736 முதல் 1761 வரை நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கரின் ஊர் இது. ஒருவர் சொன்னதன் பொருளும் சொன்னவருக்குரிய மதிப்பும் குறையாமல் மறுபக்கம் கொண்டுசேர்ப்பதே துபாசியின் தொழில். அதைக் கெளரவமான தொழிலாக மதித்த ஊரில், அலுவலகத் தொலைபேசியை எடுப்பவரின் வேலையைச் சிறுவேலை என்று எண்ணுவது பொருந்தாது.

எண்ணும் எழுத்தும்

பழைய தொலைபேசி, மனிதக் குரலின் எல்லா அதிர்வுகளையும் கடத்துவதில்லை. ஏறத்தாழ 300 முதல் 3,400 எர்ட்சு வரையுள்ள அதிர்வுகளை மட்டும் கடத்தும்படி அது வடிவமைக்கப்பட்டது. பேசுபவர் யார், என்ன சொல்கிறார் என்பதை அறிய அவ்வளவு போதும். ஆனால், உரசி ஒலிக்கும் மெய்களின் அடையாளம் அதற்கு மேலுள்ள அதிர்வுகளில் பெரிதும் தங்கியிருக்கிறது. அதனால்தான் ஆங்கில எழுத்துகளான 'எஸ்', 'எஃப்' ஆகியவை தொலைபேசியில் ஒன்றுபோலவே கேட்கின்றன. இன்றைய திறன்பேசிகள் அகன்ற அலைவரிசையைக் கடத்துகின்றன என்றாலும், சந்தை இரைச்சலிலும் கடற்காற்றிலும் பழைய குறை திரும்பிவிடுகிறது.

இங்கே தமிழுக்கு ஓர் ஆதாயம் இருக்கிறது. ஆங்கிலத்தில் 'பிஃப்டீன்' என்றாரா, 'பிஃப்டி' என்றாரா? 'சிக்ஸ்டீன்' என்றாரா, 'சிக்ஸ்டி' என்றாரா? கடைக்காரர் பலர் இதனால் இழந்திருப்பர். பதினைந்தும் ஐம்பதும், பதினாறும் அறுபதும் எந்த இரைச்சலிலும் ஒன்றாகக் கேட்பதில்லை. தொலைபேசியில் தொகையைச் சொல்லும்போது தமிழ் எண்ணுப்பெயர்களைப் பயன்படுத்துவது மொழிப்பற்றால் மட்டும் அன்று; கணக்கு பிழையாமல் இருக்கவும்தான். பிரெஞ்சுக்காரரின் பாடு இன்னும் கடினம். எழுபதை 'அறுபதும் பத்தும்' என்றும், தொண்ணூறை 'நான்கு இருபதும் பத்தும்' என்றும் சொல்வது அவர்கள் வழக்கு. தொலைபேசி எண்ணை இரண்டிரண்டு இலக்கமாகவே படிப்பர். பாரிசில் இருக்கும் உறவினர் எண்ணைச் சொல்லச் சொல்ல எழுதும் புதுச்சேரிக்காரர், ஆறு என்று எழுதிவிட்டு அடித்து ஏழாக்குவது அதனால்தான்.

எண்ணை ஒவ்வோர் இலக்கமாகச் சொல்வதும், கேட்டவர் அதனைத் திருப்பிச் சொல்வதும் ஐயத்தைத் தீர்க்கும். பெயரில் ஐயம் வந்தால் 'பழத்தில் வரும் ழகரம்', 'பள்ளியில் வரும் ளகரம்' என்று சொல்லலாம். இடம் சொல்வதற்கும் இதுவே முறை. புதுச்சேரியின் பழைய நகரம் கட்டம் கட்டமாக அமைந்தது. வீதிகள் நேராக ஒன்றையொன்று வெட்டிச்செல்பவை. "பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே" என்று ஒரு சொல் சொன்னால் பாதி ஊர் தேடலிலிருந்து விலகிவிடும். "நேராக வந்து திரும்புங்கள்" என்றால் எந்த வீதியில்தான் திரும்புவது?

இணையவழி அழைப்பில் மற்றொரு நுட்பம் இருக்கிறது. நம் குரல் சிறு சிறு பொட்டலங்களாகப் பிரிந்து சென்று மறுமுனையில் மீண்டும் சேர்கிறது. ஒரு திசைத் தாமதம் 150 மில்லிநொடிக்குள் இருந்தால் நாம் அதை உணர்வதில்லை. அதற்கு மேல் போகும்போது, மற்றவர் பேசி முடித்துவிட்டார் என்று எண்ணி நாம் தொடங்குவோம். அதே கணத்தில் அவரும் தொடர்வார். இருவரும் நிறுத்துவர், இருவரும் மீண்டும் ஒருங்கே தொடங்குவர். "குறுக்கே பேசுகிறான்" என்று ஒருவர்மீது ஒருவர் எரிச்சல் கொள்வதற்கு முன், அது வலையமைப்பின் தாமதமாக இருக்கலாம் என்று ஒரு நொடி பொறுத்தால் உறவு கெடாது.

பேச்சா, எழுத்தா, பதிவா?

1954 நவம்பர் முதல் நாள் புதுச்சேரியின் ஆட்சி இந்தியாவின் கைக்கு வந்தது. 1962 ஆகஸ்டு 16 அன்று சட்டப்படியான இணைப்பு நிறைவேறியது. அப்போது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்ட குடும்பங்கள் உண்டு. அவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்று பிரான்சில் வாழ்கின்றனர். குளிர்காலத்தில் பாரிசு நமக்கு நான்கரை மணி நேரம் பின்தங்கியிருக்கும். கோடையில் மூன்றரை மணி நேரம். வேலை முடிந்து உணவருந்தி, இரவு ஒன்பது மணிக்குப் பேரன் அன்போடு அழைத்தால், குளிர்காலப் புதுச்சேரியில் பாட்டிக்கு நள்ளிரவு கடந்து ஒன்றரை மணி. அந்நேரத்தில் ஒலிக்கும் மணி முதியவர் நெஞ்சில் எழுப்புவது மகிழ்ச்சியை அன்று. யாருக்கு என்ன ஆயிற்றோ என்னும் அச்சத்தை. தந்தி வந்தால் வீடு நடுங்கிய காலத்தைச் சேர்ந்தவர் அவர்.

இந்தியாவில் தந்திச் சேவை 2013 ஜூலையில் நின்றது. அதற்கு அடுத்த மாதம் வாட்ஸ்அப்பில் குரற்பதிவு அனுப்பும் வசதி வந்தது. இரண்டும் ஒன்றையொன்று அறியா நிகழ்வுகள்தாம். ஆனால், சொல் ஒவ்வொன்றுக்கும் காசு கொடுத்து நறுக்கெனச் சொன்ன வழக்கம் போய், காசில்லாமல் ஏழு நிமிடம் பேசி அனுப்பும் வழக்கம் வந்ததை இதைவிடச் சுருக்கமாகக் காட்ட முடியாது.

குரற்பதிவைப் பற்றி என் கருத்து இரண்டு பக்கமும் சாய்கிறது. எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும், கண்பார்வை குறைந்தவருக்கும், படகில் ஈரக்கையோடு நிற்பவருக்கும் அது பெரும் வரம். நேர வேறுபாட்டைக் கடந்து பாட்டியின் குரல் பேரனிடம் சென்று, அவன் எழுந்தபின் கேட்கக் காத்திருக்கிறது. அதே பதிவை, தட்டச்சு செய்யச் சோம்பி, "ம்… அது வந்து…" என்று இழுத்து இழுத்து ஆசிரியருக்கு அனுப்புவது வேறு. எழுத்தை ஒரு பார்வையில் படித்துவிடலாம். பதிவை முழுவதும் கேட்டாகவேண்டும். சொல்பவர் மிச்சப்படுத்திய நேரம் கேட்பவர் கணக்கில் பற்று எழுதப்படுகிறது. நாள், இடம், தொகை, முகவரி ஆகியவற்றை எழுத்திலேயே அனுப்புங்கள். பின்னர்த் தேடியெடுக்க வேண்டியவை அவை.

மறுபுறம், உங்கள் தலைமுறையினர் பலர் அழைப்பதற்கே அஞ்சுவதையும் காண்கிறேன். நண்பரின் தந்தை இறந்த செய்தி கேட்டு, கைகூப்பும் சின்னம் ஒன்றை அனுப்பிவிட்டு அமைகின்றனர். என்ன பேசுவது என்று தெரியாமையே காரணம். துயரில் இருப்பவருக்கு அழகிய சொற்கள் வேண்டியதில்லை. "கேள்விப்பட்டேன். என்ன சொல்வதென்று தெரியவில்லை. நாளை வருகிறேன்" என்று தடுமாறிச் சொன்னாலும் குரலில் உள்ள தடுமாற்றமே செய்தி. வருத்தத்தையும் மன்னிப்பையும் நன்றியையும் கூடியவரை குரலிலேயே சொல்லுங்கள் என்பேன்.

ஆபத்து அழைப்பு இவை எல்லாவற்றிலும் வேறானது. 112 என்னும் எண்ணை அழைக்கும்போது வணக்கமும் முன்னுரையும் தேவையில்லை. முதலில் இடம், அடுத்து நிகழ்ந்தது, பின்னர் எத்தனை பேர். இணைப்பு இடையில் அறுந்தாலும் இடம் சென்று சேர்ந்திருந்தால் உதவி புறப்பட்டுவிடும். கேட்பவர் வைக்கச் சொல்லும்வரை வைக்கலாகாது.

வைக்கிறேன்

பணிவைக் கற்பிக்கும்போது அதன் எல்லையையும் கற்பித்தாக வேண்டிய காலம் இது. காவல்துறை, சுங்கத்துறை, நீதிமன்றம் என்று பெயர் சொல்லிக்கொண்டு, காணொலி அழைப்பில் தோன்றி, "உம்மை எண்ணிம முறையில் கைது செய்திருக்கிறோம், அழைப்பைத் துண்டிக்கக் கூடாது, யாரிடமும் சொல்லக் கூடாது" என்று மிரட்டிப் பணம் பறிக்கும் கூட்டங்கள் நாடெங்கும் பெருகியுள்ளன. அவ்வாறு கைது செய்யும் முறை இந்தியச் சட்டத்தில் எங்கும் இல்லை. 2024 அக்டோபரில் நாட்டின் தலைமை அமைச்சரே வானொலி உரையில் இதைப் பற்றி மக்களை எச்சரிக்கவேண்டி வந்தது.

இம்மோசடி கல்வியற்றவரை மட்டும் வீழ்த்தவில்லை. ஓய்வுபெற்ற அலுவலர், பேராசிரியர், மருத்துவர் என்று நன்கு படித்தோரும் வீழ்ந்தனர். அச்சம் ஒரு காரணம். அதிகாரக் குரலுக்கு எதிரே பேச்சை முறித்துக்கொள்வது மரியாதையன்று என்று ஊறிப்போன பழக்கமும் ஒரு காரணம் என்பது என் எண்ணம். ஒருவர் பேசிக்கொண்டிருக்கும்போது துண்டிக்காதே என்று பிள்ளைகளுக்குச் சொல்லித்தருகிறோம். "பிறரிடம் சொல்லாதே", "இப்போதே செய்", "வைக்காதே" என்று எந்தக் குரல் சொன்னாலும் உடனே துண்டித்துவிடு என்பதையும் அதே மூச்சில் சொல்லித்தரவேண்டும். உறவினரின் குரலையே செயற்கை நுண்ணறிவால் போலியாக ஆக்க முடிகிற நாளில், பணம் கேட்கும் குரல் எவ்வளவு பழகியதாக இருந்தாலும், வைத்துவிட்டு நம்மிடம் உள்ள பழைய எண்ணில் நாமே திரும்ப அழைத்து உறுதிசெய்வதை உண்மையான உறவினர் எவரும் அவமதிப்பாகக் கொள்ளமாட்டார். பணம் போய்விட்டால் தாமதியாமல் 1930 என்னும் எண்ணில் முறையிடலாம். தாத்தா, பாட்டி இருக்கும் வீட்டில் இவ்விரண்டு எண்களையும் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டிவைக்கும் வேலையைப் பதினொன்றாம் வகுப்பு மாணவர் ஒருவர் இன்று மாலையே செய்துவிட முடியும்.

தமிழர் தொலைபேசிப் பேச்சை முடிக்கும் முறை எனக்கு மிகவும் பிடித்தமானது. "வைக்கட்டுமா?" என்று கேட்கிறோம், "சரி, வைக்கிறேன்" என்று சொல்கிறோம். தாங்கியின்மேல் எடுத்து வைப்பதற்குரிய கைப்பிடி போய் ஆண்டுகள் பலவாயின; இப்போது வைப்பதற்கு எதுவும் இல்லை; திரையில் ஒரு சிவப்பு வட்டத்தைத் தொடுகிறோம். சொல் மட்டும் நிலைத்துவிட்டது. விருந்தினர் 'போகிறேன்' என்னாமல் 'வருகிறேன்' என்று விடைபெறும் வீட்டில், பேச்சும் கேட்டுவிட்டே முடிகிறது. மோசடிக்காரன் அனுமதிக்காத சொல்லும் இதுவே என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

முதியவர் பலருக்கு அந்தச் சிவப்பு வட்டம் எளிதில் அகப்படுவதில்லை. 'வைக்கிறேன்' என்று சொல்லிவிட்டுத் தேடிக்கொண்டிருப்பார்கள். அழைப்பு நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கும். பாட்டி அடுக்களைக்கு நடந்து செல்வதும், "பிள்ளை நன்றாகத்தான் இருக்கிறான்" என்று யாரிடமோ சொல்வதும் மறுமுனையில் கேட்டுக்கொண்டிருக்கும். அப்போது அழைப்பை நாம் நிறுத்திவிடலாம்.